திருகோணமலையில் வங்கிக் கணக்கு: வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு

நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி, திருகோணமலை டவுனை ஒட்டிய உப்புவெளிக்கு வந்தேன். ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு திறக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஏழு தடவை டவுனுக்குப் போய் வந்தேன். தமிழ் பேசுகிற ஊர், தமிழிலும் அச்சடித்த படிவம், கவுண்டரில் தமிழ்ப் பெண். இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று முதல் நாள் பாஸ்போர்ட்டையும் இரண்டு போட்டோவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கால் மணி நேரத்தில் வெளியே நின்றேன். எதிரே மர நிழலில் நம்ம ஊர் மாடு மாதிரி இரண்டு புள்ளிமான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. இந்த ஊரில் மான்கள் கடைத்தெருவில்தான் இருக்கும். அவற்றுக்கு இருந்த நிதானம் எனக்கு அன்றைக்கு இல்லை.

அந்த ஏழு தடவையில் நான்கு வீண். எதனால் வீணானது என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு மூன்று தடவையில் வேலை முடிந்துவிடும். நான் இந்தியப் பாஸ்போர்ட்காரி என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். கனடா, மலேசியா, லண்டன் பாஸ்போர்ட்டோடு பிறந்த ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். வங்கிக்கு வங்கி, சில சமயம் கிளைக்குக் கிளை, கேட்கிற காகிதம் மாறும். அதனால் முதலில் கிளைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுப் போங்கள்.

1. கணக்கு உங்களுக்குத் தேவைதானா?

கோணேசர் கோயில், புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று என்று இரண்டு வாரம் சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்குத் தேவையே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து இந்திய யூ.பி.ஐ. இலங்கையில் செல்லும். கிளம்புவதற்கு முன் உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டு, கடையில் லங்கா கியூ.ஆர். ஸ்டிக்கர் இருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். பெரிய கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறது. ஆட்டோக்காரருக்கும் மீன் சந்தைக்கும் ரொக்கம்தான்.

ரொக்கத்தை அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ வங்கியிலோ மாற்றி, ரசீதை வாங்கி வையுங்கள். மிச்ச ரூபாயைத் திரும்ப மாற்றும்போது அதைக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து கையில் கொண்டுவரக்கூடிய இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரைதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணவன் அல்லது மனைவி இங்கே, வேலை இங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இங்கே என்று ஆகிவிட்டால் கணக்கு வேண்டும். தொடர்ந்து படியுங்கள்.

2. உங்கள் விசா என்ன வகை?

வங்கியில் பாஸ்போர்ட்டை வாங்கியதும் போட்டோ உள்ள பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நேராக விசாப் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். எந்தக் கணக்குத் திறக்கலாம் என்பதை அந்தப் பக்கம்தான் முடிவு செய்கிறது.

வதிவிட விசா இருந்தால் சாதாரண ரூபாய் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். கணவன் மனைவி விசா, வேலை விசா எல்லாம் இதில் அடங்கும். சுற்றுலா விசாவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது. அவர்கள் கேட்க வேண்டியது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு. மத்திய வங்கியின் விதி, தற்காலிகமாக வந்திருப்பவருக்கும் அதை அனுமதிக்கிறது. ஆனால் தருவதா வேண்டாமா என்று கிளை முடிவு செய்யும்.

மூன்றாவது வகை உள்முக முதலீட்டுக் கணக்கு. நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் கட்ட ஒருவரோடு பங்கு போடுகிறேன், கம்பெனி தொடங்குகிறேன் என்று வருகிறவர்கள் தயவுசெய்து இதில் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதலீட்டுப் பணம் இந்தக் கணக்கு வழியாக உள்ளே வந்தால்தான் பிற்பாடு லாபத்தையும் முதலையும் முறைப்படி வெளியே எடுத்துப்போக முடியும். ‘இப்போதைக்கு மச்சானுடைய கணக்கில் போட்டு வைப்போம்’ என்று ஆரம்பித்தால் அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நிரூபிக்கக் காகிதம் இருக்காது. இன்னொன்று: 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. சில விலக்குகள் உண்டு, அதற்கு வக்கீலைப் பாருங்கள். கணக்கு இருக்கிறது என்பதற்காகக் காணிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

என் முதல் வீண் நடை இங்கேதான். வதிவிட விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன், பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்த ரசீதும் கையில் இருந்தது. அது போதும் என்று நம்பினேன். போதவில்லை. பாஸ்போர்ட்டில் விசா ஏறிய பிறகே போங்கள். விசா முடிய ஒரு மாதம்தான் பாக்கி என்றாலும், புதுப்பித்துவிட்டு வரச் சொல்லக்கூடும்.

3. பெயர்

இதற்கு நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன். என் ஐந்து வாரத்தில் மூன்று வாரத்தைத் தின்றது இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். ஒரு உதாரணம்: கவிதா, அப்பா பெயர் முருகேசன். பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் முருகேசன். நாகப்பட்டினத்து வங்கியில் எம். கவிதா. இங்கே எழுதிய கல்யாணச் சான்றிதழில், இந்த ஊர் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால் வந்து, முருகேசன் கவிதா. ஆக மூன்று காகிதத்தில் மூன்று பேர். என் நிலைமை அப்படியே இதுதான்.

“ரெண்டு பேரும் ஒராளோ?” என்று கவுண்டர் பெண் கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர்தான்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். வங்கியின் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒரு கிளையில் புள்ளி வைப்பார்கள், இன்னொன்றில் பெயரையே இரண்டு தடவை எழுதுவார்கள். பிறகு அந்தப் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் தட்டிக்கொண்டு நிற்கும்.

என்ன செய்யலாம்?

பாஸ்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடும் அல்லவா, அதில் உள்ள பெயரையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள். கல்யாணமானதும் கணவர் பெயரைச் சேர்த்து எழுதும் ஆசை வரும். பாஸ்போர்ட்டில் இல்லாதவரை வேண்டாம்.

மற்றக் காகிதங்களில் பெயர் வேறு மாதிரி இருந்தால் ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். நம்ம ஊரில் அபிடவிட் என்போமே, அதுதான். ‘இன்ன பெயர்களால் குறிக்கப்படுபவர் நான் ஒருவரே’ என்று தட்டச்சு செய்து, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சமாதான நீதவான் என்றதும் கோர்ட்டைத் தேடி அலையாதீர்கள். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியராகவோ கடை முதலாளியாகவோ அடுத்த தெருவில் இருப்பார், மக்கள் ‘ஜே.பி.’ என்பார்கள். தட்டச்சு, முத்திரை எல்லாம் சேர்த்து எனக்கு 500 ரூபாய் ஆயிற்று. அரை நாள் வேலை. மூன்று பிரதி செய்து வையுங்கள், மின்சார சபையிலிருந்து பள்ளிக்கூடம் வரை பிறகும் உதவுகிறது.

கையெழுத்துக்கும் இதே கதைதான். என் பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்து. வங்கிப் படிவம் ஆங்கிலத்தில் நிரப்பியதால் கை தானாக ஆங்கிலத்தில் போட்டுவிட்டது. புதுப் படிவம், இன்னொரு நாள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே போடுங்கள்.

4. இந்த முகவரியில்தான் இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று

வங்கி கேட்டது மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார அல்லது தண்ணீர் பில். எங்கள் வீட்டு மின்சாரப் பில் மாமனார் பெயரில் வருகிறது. அவர் காலமாகி ஆறு வருடம். மின்சார சபையைப் பொறுத்தவரை இன்னும் மாதாமாதம் பில் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் பாதி வீட்டில் இதுதான் நிலை என்று பிறகு தெரிந்தது.

மாற்று வழி கிராம உத்தியோகத்தரின் (நம்ம ஊர் வி.ஏ.ஓ. மாதிரி) வதிவிடச் சான்றிதழ். எல்லோரும் ‘ஜீ.எஸ். கடிதம்’ என்கிறார்கள். என் மாமி மட்டும் இன்னும் ‘விதானையாரிட்ட போ’ என்பார். அந்த உத்தியோகத்தர் அலுவலகத்தில் உட்காரும் நாட்கள் வாரத்தில் சிலதான், கதவில் எழுதி ஒட்டியிருக்கும். பார்த்துவிட்டுப் போங்கள். அவருக்கும் உங்களுக்கும் ஒரு சிக்கல் வரும்: வெளிநாட்டுக்காரரின் பெயர் வாக்காளர் இடாப்பில், அதாவது பட்டியலில், இருக்காது. அதை வைத்துத்தான் அவர் ஊர்க்காரருக்குச் சான்று தருகிறார். ஆகவே கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட்டும் விசாப் பக்கமும், மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த மின்சாரப் பில், இவ்வளவும் வேண்டும். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தம். சும்மா வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது.

ஜீ.எஸ். கையெழுத்துப் போட்ட கடிதத்தில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும், அதாவது உறுதிப்படுத்தும் கையெழுத்தும், வேண்டும். டவுனில் இருப்பவர்களுக்கு அது ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகம். “கச்சேரியில ஒப்பம் வாங்கோணும்” என்று மாமி சொன்னதும் எனக்கு மார்கழி மாதம்தான் ஞாபகம் வந்தது. இங்கே கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். நான் சமர்த்தாக அங்கே போய் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது தவறான இடம் என்று தெரிந்துகொண்டேன். அது மாமியின் பிழையும் இல்லை, கச்சேரியின் பிழையும் இல்லை. பழைய ஆட்களுக்கு எல்லா அரசாங்கக் கட்டிடமும் கச்சேரிதான். பிரதேச செயலகம் என்று கேட்டுப் போங்கள்.

5. கோப்பில் என்ன இருக்க வேண்டும்

பாஸ்போர்ட் அசல். போட்டோப் பக்கம், விசாப் பக்கம், கடைசியாக நாட்டுக்குள் வந்த முத்திரை உள்ள பக்கம், மூன்றுக்கும் பிரதி. மேலொப்பம் உள்ள ஜீ.எஸ். கடிதம். கல்யாணச் சான்றிதழ் அல்லது வேலை நியமனக் கடிதம். சத்தியக் கடதாசி. பாஸ்போர்ட் அளவுப் போட்டோ இரண்டு. உங்கள் நாட்டு முகவரிக்கு ஏதாவது ஒரு சான்று, நான் பழைய வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொடுத்தேன். உங்கள் நாட்டு வரி எண், நமக்கு பான். வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு காகிதம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஜெராக்ஸ் என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். ‘போட்டோ கொப்பி’ என்று கேளுங்கள். ஒரே நாளில் ஐந்து செட் எடுத்துவிடுங்கள்.

6. எந்த வங்கி

இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி ஆகிய அரசு வங்கிகளும், கொமர்ஷல், ஹட்டன் நஷனல், சம்பத், செலான் போன்ற தனியார் வங்கிகளும் திருகோணமலையில் இருக்கின்றன. நான் எதையும் சிபாரிசு செய்யப்போவதில்லை. இரண்டே கேள்வி கேளுங்கள்: “என் விசாவுக்கு இதே கிளையில் கணக்குத் திறந்த ஆட்கள் இருக்கிறார்களா?”, “அனுமதி இங்கேயா, கொழும்பிலிருந்தா?” முதல் கேள்விக்கு முகாமையாளர் (மேனேஜர்) தயங்கினால் அடுத்த வங்கிக்குப் போய்விடுங்கள். பழக்கமில்லாத கிளையில் உங்களை வைத்துத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். என்னை வைத்து ஒரு கிளை அப்படிக் கற்றுக்கொண்டது.

பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 3 வரை. ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது மண்டையில் ஏறவே மூன்று மாதம் ஆகும். என் நான்காவது வீண் நடை ஒரு போயா நாளில். சம்பளம் விழும் மாதக் கடைசியையும் தவிருங்கள்.

7. கவுண்டரில்

படிவம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். ஆனால் தமிழ்ப் படிவத் தமிழ் நம்ம ஊர்த் தமிழ் இல்லை. வைப்பு என்றால் பணம் போடுவது, மீளப்பெறல் என்றால் எடுப்பது, நடைமுறைக் கணக்கு என்றால் கரண்ட் அக்கவுண்ட், கடவுச்சீட்டு என்றால் பாஸ்போர்ட், பின்னுரித்தாளி என்றால் நாமினி. இந்தக் கடைசி வார்த்தையை நான் மூன்று தடவை வாசித்தேன். ஆனால் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், இரண்டு நாட்டுக் காகிதத்தோடு குடும்பம் அலையும் அலைச்சல் சொல்லி மாளாது.

அப்புறம் பண மூலம். மாதம் எவ்வளவு வரும், எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். இது உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளும் விதியின்படி எல்லோரிடமும் கேட்கிறார்கள். நான் ‘இல்லத்தரசி’ என்று எழுதி, வருமானக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். ‘அப்படியென்றால் எதற்குக் கணக்கு?’ என்று நியாயமாகவே கேட்டார்கள். கணவரின் சம்பளச் சீட்டும் அப்பா மாதாமாதம் அனுப்பும் தொகையும் எழுதிக் கொடுத்த பிறகு சரியாயிற்று. உண்மையான தொகையை எழுதுங்கள். மாதம் 50,000 வரும் என்று எழுதிவிட்டு அடுத்த வாரமே ஐந்து லட்சம் வந்தால் போன் வரும்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு வரி சம்பந்தமாகக் கூடுதல் படிவம் ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிளம்புவதற்கு முன் நான்கு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: கணக்குப் பெயர் கம்ப்யூட்டரில் எப்படி ஏறியிருக்கிறது என்பதன் அச்சுப்பிரதி, வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தேவையான வங்கியின் ஸ்விப்ட் குறியீடு, வங்கிக் குறியீடும் கிளைக் குறியீடும், குறைந்தபட்ச மீதி எவ்வளவு என்பது.

8. செலவும் காலமும்

கணக்குத் திறக்கக் கட்டணம் கேட்கவில்லை. ஆரம்ப வைப்பு 2,000 ரூபாய் போட்டேன், வங்கிக்கு வங்கி மாறும். சத்தியக் கடதாசி 500. போட்டோ, பிரதி, ஆட்டோ என்று இன்னொரு 4,000. ஆட்டோவில்தான் காசு போயிற்று, பஸ்ஸில் போயிருக்கலாம். பற்று அட்டைக்கு (டெபிட் கார்டு) ஆண்டுக் கட்டணம் தனியாக எடுப்பார்கள்.

ஜீ.எஸ். கடிதமும் மேலொப்பமும் நான்கு நாள். வங்கியில் படிவம் கொடுத்து, கொழும்பு அனுமதி வர ஆறு வேலை நாள். அட்டை வர அதற்குப் பிறகு இரண்டு வாரம். அவசரம் இல்லாத மாதமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். சித்திரைப் புத்தாண்டையொட்டிய இரண்டு வாரம் ஊரே விடுமுறை மனநிலையில் இருக்கும்.

9. வீட்டிலிருந்து பணம் வரும்போது

இங்கே ஐ.எஃப்.எஸ்.சி. கிடையாது. இந்தியாவிலிருந்து அனுப்ப ஸ்விப்ட் குறியீடும் கணக்கு எண்ணும் பெயரும் வேண்டும். உள்ளூரில் வங்கிக்கு வங்கி அனுப்ப 4 இலக்க வங்கிக் குறியீடு, 3 இலக்கக் கிளைக் குறியீடு. உள்ளூர் உடனடிப் பரிமாற்றம் மலிவு, ஒரு தடவைக்கு முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அப்பா முதல் தடவை அனுப்பியபோது, பழக்க தோஷத்தில் ‘எம். கவிதா’ பாணியிலேயே எழுதிவிட்டார். பணம் பதினொரு நாள் எங்கேயோ தொங்கிவிட்டு, இடையிலிருந்த வங்கிக் கட்டணங்கள் கழிந்து நாகப்பட்டினத்துக்கே திரும்பிப் போயிற்று. கணக்குப் பெயரின் அச்சுப்பிரதியைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, அதைப் பார்த்தே நிரப்பச் சொல்லுங்கள். முதல் தடவை சின்னத் தொகையாக இருக்கட்டும். கட்டணம் யார் தலையில் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அனுப்புகிறவரே முழுதும் ஏற்பதாகப் போட்டால் குறையாமல் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் இந்திய ரூபாயைத் தாண்டினால், குடும்பச் செலவு, அன்பளிப்பு போன்றவற்றுக்காக அனுப்புவதில் அந்த வரம்பைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், அதுவரை கை கடிக்கும்.

பலர் செய்யாமல் விடுவது இன்னொன்று. இந்தியாவை விட்டு இங்கே குடியேறிவிட்டால், அங்கே உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியிடம் சொல்லி, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதில் வட்டிக்கு 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். இரு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது, ஆடிட்டரைக் கேட்டால் குறைக்க வழி சொல்வார்.

இலங்கைப் பக்கம் வட்டி வருமானத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அதற்கு முன் 5. இங்கே வரி வதிவாளராக இருந்து, ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாய்க்குள் என்றால், வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். ஆண்டில் 183 நாள் இங்கே இருந்தால் வதிவாளர் ஆகிவிடுவீர்கள்.

வெளிநாட்டு நோட்டாகக் கொண்டுவருகிறவர்கள் 15,000 டாலருக்கு மேல் என்றால் சுங்கத்தில் அறிவித்துக் காகிதம் வாங்கியே ஆக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வங்கியில் போய் நின்றால் விளக்கம் சொல்லி மாளாது. 10 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ரொக்கத்தை வங்கி மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். அது வழக்கமான நடைமுறை, பயப்பட ஒன்றுமில்லை. அதைத் தவிர்க்க நினைத்து ஒன்பதரை லட்சம், ஒன்பது லட்சம் என்று துண்டு துண்டாகப் போடுகிறவர்களைத்தான் துருவுவார்கள்.

10. பாதுகாப்பு

சிம் கார்டு முதலில். விமான நிலையத்தில் வாங்கிய சுற்றுலா சிம் எண்ணையே நான் வங்கியில் கொடுத்தேன். முப்பது நாளில் அது செத்தது. ஓ.டி.பி. எல்லாம் செத்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்ற நேரில் போய்ப் படிவம் எழுத வேண்டியதாயிற்று. விடப்பட்ட எண்ணை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடும், அப்போது உங்கள் கணக்குச் செய்தி அவருக்குப் போகும். நிரந்தரச் சிம்மை உங்கள் பாஸ்போர்ட்டில் பதிந்து வாங்கிய பிறகே வங்கிக்குப் போங்கள்.

ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுக்காரரிடம் வருகிற அழைப்பு வேறு மாதிரி இருக்கும். “உங்கட விசா விபரம் சரியில்லை, கணக்கை நிப்பாட்டப் போறம், இப்ப வாற இலக்கத்தைச் சொல்லுங்கோ.” விசா என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு அடிவயிறு கலங்கும், அதுதான் அவர்கள் கணக்கு. போனை வைத்துவிட்டு, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கணக்கை யாருக்கும் இரவல் தராதீர்கள். ‘ஒரு நாளைக்கு மட்டும், உங்கள் கணக்குக்குப் பணம் வரும், எடுத்துத் தந்தால் கமிஷன்’ என்று டெலிகிராமில் வேலை மாதிரி வரும். பழகின முகமும் கேட்கும். பிற்பாடு அது ஏமாற்றிப் பறித்த பணம் என்று தெரிந்தால் போலீஸ் தேடுவது கணக்குக்காரரை. ஊர்க்காரருக்கு அது வழக்கு. நமக்கு வழக்கோடு விசாவும் போகும்.

உண்டியல் விஷயமும் இதே ரகம். கனடாவில் ஒருவரிடம் டாலர் கொடுத்தால் இங்கே யாரோ ஒருவர் உங்கள் கணக்கில் ரூபாய் போடுவார். வங்கியைவிட இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும். போட்டவர் யார், அவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கேள்வி வந்தால் கணக்கு முடங்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி இரண்டு மாதம் பணத்தைத் தொட முடியாமல் இருந்தது. மேலும் அது வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. திரும்ப எடுத்துப்போகும் உரிமையும் அதோடு போயிற்று.

கூடுதல் வட்டி என்று யாராவது அழைத்தால், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். அனுமதி பெற்றவற்றில் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை. அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு வங்கியில் பிரித்து வைப்பது நல்லது.

மோசடி நடந்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, அட்டையையும் இணைய வங்கியையும் நிறுத்தச் சொல்ல. அடுத்து போலீஸ் முறைப்பாடு. இணைய மோசடிக்கு 101. வங்கியே உங்கள் முறைப்பாட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, 1935. வங்கியில் முதலில் எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொண்டு பிறகு அங்கே போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

11. விசா புதுப்பிக்கும்போதும், ஊரைவிட்டுப் போகும்போதும்

வங்கிக் கம்ப்யூட்டரில் உங்கள் விசா முடியும் தேதி ஏறியிருக்கும். நீங்கள் புதுப்பித்தது அதற்குத் தெரியாது. புது விசாப் பக்கத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் ஒரு காலையில் அட்டை வேலை செய்யாது. பாஸ்போர்ட் மாறினாலும் இதே வேலை, பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஓராண்டளவு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாவிட்டால் கணக்கைத் தூங்கவைத்துவிடுவார்கள், எழுப்ப நேரில் வர வேண்டும். வருகிறவர்கள் போகிறவர்கள் மாதம் நூறு ரூபாயாவது அசைத்து வையுங்கள். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் மத்திய வங்கிக்குப் போய்விடும்.

ஒரேயடியாகப் போகிறவர்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போய்க் கணக்கை மூடுங்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, மூடியதற்குக் கடிதம் வாங்குங்கள். கடைசி நாளில் போனால் மிச்ச வட்டி, வரி, அட்டைக் கட்டணம் என்று ஏதாவது ஒன்று தீராமல் நிற்கும்.

என் விசா ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியது. மாமி சமையலறைக் காலண்டரில் போயா நாட்களுக்குப் பக்கத்திலேயே அந்தத் தேதியையும், அதற்கு ஒரு மாதம் முந்திய தேதியையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘பாங்கு’ என்று எழுதி வைத்திருக்கிறார்.